குட்டியானையின் மேலாடை: செந்துறை வட்டாரத் தார்ப்பாயியல் குறித்த ஓர் ஆராய்ச்சி

பிக்கப் வண்டிக்குத் தார்ப்பாய் எடுப்பது கடைவீதியில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியமாகவே இன்றுவரை நடந்து வருகிறது. அறிஞர் உலகம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. இத்தனைக்கும் பொருளை மூடிப் பாதுகாப்பதில் அரியலூர் மாவட்டச் செந்துறைக்கு உள்ள தொன்மை வேறெந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காது. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் டைனோசர் முட்டைக் குவியல்கள் என்று இங்கே அறிவித்தவை மணலுக்குள் கிடந்தன. ஒழுங்காக மூடி வைத்தால் ஆறரைக் கோடி ஆண்டு ஆனாலும் சரக்கு நிற்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அந்த முட்டைகள் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எங்கும் போகவில்லை. நிற்கிற சரக்கை மூடுவது வேறு, ஓடுகிற சரக்கை மூடுவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்தான் தவறான தார்ப்பாயோடு திரும்புகிறார் என்பதே இக்கட்டுரையின் துணிபு. சுருங்கச் சொன்னால், தார்ப்பாய் மழைக்காக வாங்கப்படுகிறது, காற்றால் கிழிகிறது. ஆகவே காற்றுக்காகத்தான் வாங்கப்பட வேண்டும்.

சான்றுகளைப் பார்ப்போம். ஒரு நாளில் இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால்தான் இந்திய வானிலைத் துறை அதை மழைநாள் என்று ஒப்புக்கொள்ளும். அரியலூர் மாவட்டத்தில் அந்தத் தகுதி பெறும் நாட்களில் கணிசமான பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் நெருக்கியடித்து முடிந்துவிடுகிறது. காற்றுக்கோ பருவம் கிடையாது. வண்டி நகர்ந்தால் காற்று உண்டு. 2005-ல் சந்தைக்கு வந்து, வந்த வேகத்தில் குட்டியானை என்று பேர் வாங்கிய டாடா ஏஸையே எடுத்துக்கொள்வோம். அதன் தொட்டி ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடி அகலம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் பதினேழு கிலோ எடைக்குச் சமம். அது முழுவதும் மேல்நோக்கி வேலை செய்வதாக வைத்துக்கொண்டால், தொட்டியின் பரப்பில் தார்ப்பாயைத் தூக்கும் விசை ஐம்பத்தைந்து கிலோ. அதாவது அரியலூரிலிருந்து செந்துறை வரை நடுத்தர உடம்புக்காரர் ஒருவர் உள்ளிருந்து முதுகால் முட்டிக்கொண்டே வருகிறார், அவருக்கு டிக்கெட்டும் இல்லை. நடைமுறையில் விசை இதைவிடக் குறையலாம். ஆனால் அது ஒரே சீராக இழுப்பதில்லை. படபடவென்று அடித்து அடித்து இழுக்கிறது. தார்ப்பாய் முதலில் எங்கே போகிறது என்று பார்த்தால் கயிறு நுழைகிற கண்ணிலும் பலகை உராய்கிற விளிம்பிலும்தான். நடுவில் ஓட்டை விழுந்து செத்த தார்ப்பாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சிவஞான சித்தியார் காட்டிய வழியில் பரபக்கமாகிய எதிர்வாதங்களையும் பேசிவிடுவதே முறை. முதல் வாதி சொல்வார்: கனமான தார்ப்பாய் காற்றுக்கு அசையாது, எனவே கேன்வாஸே சிறந்தது. கனம் என்பது நனைந்தால் கூடுகிற சங்கதி என்பதை அவர் மறந்துவிடுகிறார். ஈரக் கேன்வாஸைத் தனியாளாக உதறி மடித்தவர் யாரும் இந்த வாதத்தை இரண்டாம் முறை வைப்பதில்லை. ஆனாலும் கேன்வாஸுக்கு ஒரு தகுதியை மறுக்க முடியாது. அது மூச்சு விடும். செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்கொட்டை பண்ருட்டிக்குப் போகிறபோதும், பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் சந்தைக்குப் போகிறபோதும் பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு அடியில் சரக்கு வேர்த்துவிடும். வேர்த்த வெங்காயத்தின் வாசனையைச் சந்தையில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

இரண்டாம் வாதி பெரும்பான்மைக் கட்சிக்காரர். பதினெட்டுக்கு இருபத்துநாலு அடியில் பெரிதாக ஒன்று வாங்கிவிட்டால் மக்காச்சோளம் காயப்போடலாம், வைக்கோல் போருக்குப் போர்த்தலாம், விசேஷத்துக்குப் பந்தல் போடலாம், வண்டிக்கும் ஆகும் என்பார். உண்மைதான், ‘வண்டிக்கும்’ ஆகும். அந்த உம்மில்தான் ஆபத்து இருக்கிறது. நாற்பது சதுர மீட்டர்த் துணியை மூன்றேகால் சதுர மீட்டர்த் தொட்டிக்குக் கட்டினால் மிச்சம் எங்கே போகும்? மடித்துச் செருகுவார்கள். உடையார்பாளையம் தாண்டுவதற்குள் மடிப்பு அவிழ்ந்து, பின்னால் வரும் டூவீலர்காரர் முகத்துக்கு நேரே கொடியாகப் பறக்கும். பாடியைத் தாண்டிச் சுமை அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி இருபதாயிரம் ரூபாய் அபராதம். காற்றில் உப்பிய தார்ப்பாய் சுமையில் சேருமா என்பதைச் சட்ட வல்லுநர்கள்தான் தனியாக ஆராய வேண்டும்.

மூன்றாவது வாதி காசே செலவழிக்க வேண்டாம் என்கிறவர். அவர் கையில் பிளெக்ஸ் பேனர் இருக்கிறது. இந்தக் கட்சியை லேசாகத் தள்ளிவிட முடியாது. பாலியெஸ்டர் வலையின்மேல் பி.வி.சி. பூசிய பிளெக்ஸ் தண்ணீரை விடாது, கிடைப்பதும் எளிது. திருமணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஆண்டு முழுக்க விளைச்சல் உண்டு. தேர்தல் வந்தால் அமோகம். உயிரோடிருப்பவர் படத்தைப் பேனரில் போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017 அக்டோபரில் உத்தரவிட்டபோது இந்தத் துறைக்கு நேரவிருந்த மூலப்பொருள் தட்டுப்பாட்டை எந்தப் பொருளாதார நிபுணரும் கணிக்கவில்லை. ஆனால் பிளெக்ஸுக்கு மூன்று குறைகள். அது கம்பத்தில் விறைத்து நிற்கப் பிறந்தது, வெயிலில் நாட்பட்டால் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். அதன் கண்கள் பேனர் மாட்டும் சட்டத்துக்கு ஏற்றபடி அமைந்தவை, தொட்டியின் கொக்கிக்கு ஒத்து வருவதில்லை. மூன்றாவது கொள்கைச் சிக்கல்: படத்தை வெளியே காட்டினால் எதிர்க்கட்சிக்காரர் வாடகைக்குக் கூப்பிடமாட்டார், உள்ளே திருப்பினால் தலைவர் முகத்தில் மாட்டெருவைக் கொட்டியதாகச் சொந்தக் கட்சிக்காரர் சண்டைக்கு வருவார். நடுநிலை வண்டிக்கு மங்கிப்போன காதணி விழா பேனர் ஒன்றே கதி.

அமெரிக்காவில் பிக்கப் தொட்டிக்குப் பெட்டி மூடி போலக் கெட்டியான மடக்கு மூடிகள் உண்டே என்று படித்தவர் ஒருவர் கேட்கக்கூடும். உண்டு. பூட்டும் உண்டு. ஆனால் அந்த மூடி பலகை மட்டத்தோடு நிற்பது. தொட்டி முடிகிற இடத்தில் சுமையும் முடியும் என்ற நம்பிக்கையில் செய்தது. செந்துறையில் தொட்டி முடிகிற இடத்தில்தான் சுமை ஆரம்பிக்கிறது.

மழைக்காரர் கடைசியாக ஒன்று கேட்பார்: ஐப்பசி அடைமழையிலும் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்களா? பேசத்தான் வேண்டும். ஓடுகிற வண்டியில் மழை தார்ப்பாயைத் துளைத்து வருவதில்லை, காற்று திறந்துவிட்ட ஓரத்தின் வழியாகத்தான் வருகிறது. தளவாய்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர்களுக்குப் பின்னால் போகும்போது புழுதியும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. ஓரத்தை அடக்கியவன் மூன்றையும் அடக்கினான்.

ஆகவே முடிவு இது. குட்டியானைக்குப் பன்னிரண்டுக்கு ஒன்பது அடி போதும். தொட்டி மட்டத்துக்குக் கீழே நாலாபுறமும் இரண்டடிக்குக் குறையாமல் தொங்கும். இருநூறு ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு இருநூறு கிராம், எடுத்தால் மொத்தமே இரண்டு கிலோ, ஒருவரே போட்டு ஒருவரே எடுக்கலாம். வழக்கமாக மூன்றடிக்கு ஒரு கண் வைப்பார்கள். ஒன்றரை அடிக்கு ஒன்று அடித்துத் தரச் சொன்னால் கண் இரட்டிப்பாகும், ஒவ்வொன்றின் பாரமும் பாதியாகும். சுமை உயரமாகிற மாதங்களுக்குப் பதினைந்துக்குப் பன்னிரண்டு ஒன்று தனியாக இருக்கட்டும். வெங்காயத்துக்கும் வைக்கோலுக்கும் மழையில்லாத நாளில் வலையே போதும். மக்காச்சோளம் காயவைக்க வேறு தார்ப்பாய் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வண்டியில் மட்டும் ஏற்றாதீர்கள்.