வேலியைப் பார்த்தால் வேலிக்குள்

கேள்வி: நாற்பது வயதுக்கு மேல் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடப் பழக முடியுமா?

பதில்: தாராளமாக. குடாநாடு சுண்ணக்கல் மேல் அமைந்த சமதரை. மூச்சு வாங்க வைக்கும் ஏற்றமே கிடையாது. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, விறகு முதல் நோயாளி வரை சைக்கிள் கரியரில்தான் ஏற்றிச் சென்றார்கள். அந்த ஊரில் வயது ஒரு தடையே அல்ல.

பழகுவதற்குக் குறுக்குக் கம்பி உள்ள பார்ச் சைக்கிள் வேண்டாம். காலைத் தூக்கிப் போடுவதே பெரும்பாடு. லேடீஸ் சைக்கிள் நல்லது. இரு பாதமும் நிலத்தில் முழுதாகப் படும்படி சீற்றைத் தாழ்த்தி, பெடல்களைக் கழற்றிவிட வேண்டும். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்ப்புறமானது. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். பிறகு வாகனம் வராத ஒழுங்கையில் காலால் உந்தி உந்தி உருள வேண்டியதுதான். சாயும் பக்கமே ஹாண்டிலைத் திருப்பினால் சைக்கிள் நிமிரும். பயத்தில் மெதுவாக ஓடினால் ஆட்டம் கூடும். கண் போகும் இடத்துக்கே சில்லும் போகும்: வேலியைப் பார்த்தால் வேலிக்குள்தான்.

கால் தூக்கியபடி உருள வந்ததும் பெடலைப் பூட்டலாம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் காற்று தணிந்திருக்கும் விடியற்காலையே உகந்தது. ஒழுங்கை மணலில் முன்பிரேக்கைச் சட்டென்று பிடிக்கக் கூடாது.