மலையடிவாரத்து மருமவனுக்கு மாமன் சொல்லும் மழைப் புத்தி

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில இரியும். உம்ம புது வீட்டப் பாத்துட்டுத்தான் வாறேன். கொள்ளாம். வெள்ளறடையில இருந்து அம்பூரி போற பக்கத்துல இப்படி ஒரு வீடு ஒருத்தனும் கெட்டல்ல. ஜேசிபி கொண்டாந்து மலைய நெட்டுக்குத்தா வெட்டி, முத்தத்துக்கு ஓடு பதிச்சு, பின்னால கெடந்த ஓடைய மண்ணு தட்டி மூடி, அதுக்க மேல காரு செட்டும் போட்டாச்சு. உம்ம பாட்டாவுக்கு இந்தப் புத்தி இல்லாமப் போச்சே. அவரு ஓடைக்கு வழிய விட்டுட்டு, ஒதுங்கி ஒரு மூலையில ஓட்டு வீடு கெட்டிக் கெடந்தாரு. அவரு ஓடைக்குப் பயந்த மனுசன். உமக்கு ஓடையே பயப்படணும்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வீட்டுப் பிளானப் பஞ்சாயத்துல காட்டினீரு, பேங்குல காட்டினீரு. மழ வெள்ளத்துகிட்ட காட்டினீரா? மனுசன்னா பலகையப் பாத்து வழி மாறிப் போவான். வெள்ளத்துக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதுக்குப் பழைய வழிதான் தெரியும்.

அம்பூரி உருள்பொட்டினது 2001 நவம்பர் 9. நீரு அப்பம் டவுசர் நிக்காம ஓடிக்கிட்டிருந்த பிராயம். ஒரு வீட்டுல நிச்சயதார்த்தத்துக்குச் சொந்தமெல்லாம் வந்து கூடியிருந்தாவ. ராத்திரி, கொட்டு மழ. மலையில இருந்து மண்ணும் பாறையும் இறங்கி அந்த வீட்டையும் அக்கம்பக்கத்தையும் மூடிட்டு. செத்தவங்க முப்பத்தெட்டுக்குக் குறையாது. அவங்களப் பத்தி எனக்குக் கேலி இல்ல. கேலி உம்மகிட்டதான். அந்த மண்ணுக்கு இவ்வளவு கிட்டத்துல வளந்துட்டு, மலைக்க அடிவாரத்தையே வெட்டி எடுத்திருக்கீரே, அந்தத் தைரியத்துக்கு.

கணக்கு ரொம்ப லேசு. சரிவுல விழுந்த மழ ஓடிப் போகணும், நிக்கக் கூடாது. நீரு மேல ரப்பருக்கு மழக்குழி வெட்டி வெள்ளத்த நிப்பாட்டுகீரு. ஓடைய மூடி அதுக்க வாயக் கெட்டுகீரு. கீழ அடிமண்ண வெட்டித் தாங்குகதுக்கு இருந்ததையும் எடுத்தாச்சு. மேல மண்ணு வெள்ளம் குடிச்சுக் குடிச்சுக் கனம் ஏறும். அதுக்கப்புறம் மலைக்கு இறங்கி வாறத விட்டா வேற என்ன சோலி?

2024 ஜூலை 30ல வயநாட்டுல முண்டக்கையும் சூரல்மலையும் போனப்ப நீரு டிவி முன்னால இருந்து தேம்பினீரு, நான் பாத்தேன். பாவம், நல்ல மனசு. ஆவணி பொறந்ததும் "இந்த வருசம் தப்பிச்சோம் மாமா"ன்னு ஒரு பெருமூச்சு வேற விட்டீரு. அங்கதான் உமக்கு ஆளு மாறிப் போச்சு. நம்ம தெக்கத்திச் சீமைக்கு எமன் தென்மேற்கு மழைங்குத இடவப்பாதியில மட்டுமில்ல, ஐப்பசி, காத்தியலயும் வருவான். அம்பூரி நவம்பர். ஓகிப் புயல் 2017 நவம்பர் கடைசி. திருவனந்தபுரத்துல ஒரே ராத்திரியில வீட்டுக்குள்ள வெள்ளம் ஏறினது 2023 அக்டோபர். காலையில வெயிலு பல்லக் காட்டும், உச்சக்குப் பொறவு இடி இறங்கும். மத்தியானம் 2 மணியில இருந்து ராத்திரி 10 மணி வர இடிமின்னலுக்கு ஜாக்கிரதைன்னு பேரிடர் ஆணையம் தொண்ட வறளச் சொல்லுகு. நீரு செரியா அந்த நேரத்துலதான் மொட்டமாடியில துணி எடுக்கப் போவீரு, போன காதுல வச்சுக்கிட்டு.

ஓகிக்க கதையக் கேளும். நவம்பர் 29ல தாழ்வு மண்டலமா இருந்தது, மறுநா காலையில புயலாயிட்டு. பூந்துறை, விழிஞ்ஞத்துக்காரங்க சேதி வரும் முன்னயே கடலுக்குள்ள போயாச்சு. போனவங்கள்ல எத்தனையோ பேரு திரும்பல்ல. அவங்களுக்குச் சேதி கெடைக்கல்ல மருமவனே. உமக்குக் கெடைக்குது. கெடச்சு என்ன செய்யுகீரு? "ஆரஞ்சு அலர்ட்"னு வாட்சாப்புல ஸ்டேட்டஸ் போடுகீரு, பக்கத்துல கட்டன் சாயாவும் பழம்பொரியும் வச்சு ஒரு படம். கலர் எடுப்பாத்தான் இருக்கு.

அந்தக் கலருக்கு என்ன அர்த்தம்னு கேட்டா முழிப்பீரு. ஒரு நாளுக்குள்ள 64.5 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும்னா மஞ்ச. 115.6ல இருந்து 204.4 வர ஆரஞ்சு. அதுக்கும் மேல போனாச் சிவப்பு. உம்ம வீட்டுப் பெயிண்டு டப்பா ஒண்ணு காலியாக் கெடக்குல்லா, பக்கமெல்லாம் நேரா நிக்குத டப்பா? அதக் கழுவி, மரமும் கூரையும் மறைக்காத எடத்துல வையும். காலையில ஸ்கேல விட்டுப் பாரும். 12 சென்டிமீட்டர் நின்னா ஆரஞ்சு, 20ஐத் தாண்டினாச் சிவப்பு. மழமானி இருக்குத எடத்துல தூறிக்கிட்டு, உம்ம மண்டையில மட்டும் மேகம் கவுந்து ஊத்துகதும் உண்டு. டப்பாவுக்கு நெட்டும் வேண்டாம், கறண்டும் வேண்டாம்.

மலை பல நேரமும் சொல்லிட்டுத்தான் வரும், கேட்டீரா. தரையிலயும் சொவர்லயும் புது வெடிப்பு ஓடும். நேத்து வர அடஞ்ச கதவு இன்னைக்கு அடையாது. தெளிஞ்ச கிணறு கலங்கும். ஊத்து இல்லாத எடத்துல ஊத்து பொங்கும், இருந்த ஊத்து சட்டுனு நிக்கும். கறண்டுக் கம்பமும் தென்னையும் ஒரு பக்கமாச் சாயும். நீரு என்ன செய்வீரு? ஆசாரியக் கூப்பிட்டுக் கதவ எழைப்பீரு, பெயிண்டரக் கூப்பிட்டு வெடிப்ப அடப்பீரு. கல்யாணத்துக்கு வாறவன் கண்ணுல படக்கூடாதே!

கல்யாணம்னதும் ஞாவகம் வருது. உம்ம தங்கச்சி கல்யாணத்துக்கு ஆறு மாசம் முன்ன லிஸ்டு போட்ட ஆளு நீரு. அப்பளம் உடையாம வருமா, பாயசத்துக்குத் தேங்கா எத்தனன்னு ராத்திரி முழுக்கக் கணக்கு. மழைக்கு ஒரு லிஸ்டு கேட்டா, "பாத்துக்கலாம் மாமா"ங்குகீரு. சவத்த, அதையும் ஆணையமே போட்டு வச்சிருக்கு, நீரு யோசிக்கவே வேண்டாம். டார்ச்சு, ரேடியோ, ரெண்டுக்கும் பேட்டரி. அர லிட்டர் வெள்ளம். ஓஆர்எஸ் பொட்டலம். தினம் முழுங்குத மருந்து, முறிவுக்குப் பூசுத மருந்து. சின்னக் கத்தி, குளோரின் மாத்திர, கொஞ்சம் ரொக்கம். 100 கிராம் கப்பலண்டி, 100 கிராம் உணங்கின திராட்சையோ ஈத்தம்பழமோ. ஆதாரும் ஆதாரப் பத்திரமும் வெள்ளம் ஏறாத கவருக்குள்ள.

இப்பம் உம்ம வீட்டுல அதெல்லாம் எங்க கெடக்குன்னு சொல்லட்டா? டார்ச்சு ஷோகேஸுல, உள்ள பேட்டரி ஒழுகிப் பச்ச பூத்திருக்கு. பத்திரம் பீரோவுல, அம்மைக்கப் பட்டுச் சேலைக்க அடியில. பீரோச் சாவி அம்மைக்க இடுப்புல. அம்மை தொழுத்துல, பசுவக் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்னு நிக்கியா. மண்ணு இறங்குத நேரத்துல இந்த ஊர்வலத்த யாரு நடத்துகது? பத்திரத்த இன்னைக்கே எடுத்துப் பைக்குள்ள வையும், பைய வாசப்படிக்கப் பக்கத்துல ஆணியில தூக்கும். பசுவக் கூட்டிக்கிட்டு ஓட வேண்டாம், கயித்த அவுத்து விட்டாப் போதும், அதுக்கு உம்மவிட விவரம் உண்டு. கறண்டுக்க மெயின நிறுத்தி, கேஸ அடச்சுட்டு நடையும். 1077ன்னா ஜில்லாக் கட்டுப்பாட்டு அறை, செல்லுல இருந்து விளிச்சா முன்னால 0471 சேக்கணும். வெள்ளம் வடிஞ்சு வீட்டக் கழுவ வந்தா, சேத்துல எறங்கும் முன்ன ஆசுபத்திரியில கேட்டு எலிக்காய்ச்சல் மாத்திர வாங்கித் தின்னும், கிணத்துல குளோரினும் போடும்.

பையி லேசு மருமவனே. கடையில எல்லாம் கெடைக்கும். கெடைக்காதது காலு. "வீட்ட விட்டு எறங்கு"ன்னு வார்டு மெம்பரு வந்து சொன்னா எறங்குத காலு உமக்கு உண்டா? 2018 ஆகஸ்டுல பெருவெள்ளம் வந்தப்ப நம்ம விழிஞ்ஞத்து, பூந்துறைப் பிள்ளையளு லாரியில வள்ளத்த ஏத்திக்கிட்டுச் செங்ஙன்னூர் வர போய் ஆயிரக்கணக்குல ஆள எடுத்தாங்க. முதலமைச்சரே இதுதான் கேரளத்துக்க சொந்தப் பட்டாளம்னாரு. அப்பமும் மாடியில நின்னுகிட்டு "நாங்க வரல்ல, வெள்ளம் வடியும்"னவங்க உண்டு. வீடு கெட்டத் தெரிஞ்சவனுக்கு அத விட்டுட்டு நடக்கத் தெரியாது.

உமக்கு என்ன பயம்னு எனக்குத் தெரியும். உருள்பொட்டலுக்கு இல்ல. பள்ளிக்கூடத்து முகாம்ல பாய விரிச்சுப் படுத்துட்டு, மறுநா ஒண்ணும் நடக்காமத் திரும்பி வந்தா, முக்குல சாயாக் கடையில சிரிப்பானுவளே, அதுக்கு. நெசந்தான், சிரிப்பானுவ. "என்ன மருமவனே, மலை உமக்குச் சொல்லாம லீவு போட்டுட்டா?"ன்னு மொதல்ல கேக்குத ஆளே நானாத்தான் இருப்பேன். பத்து தடவ போய்ப் பத்து தடவயும் சும்மாத் திரும்பி வாரும், பத்து தடவயும் கேலி பண்ணுகேன். கேலி பண்ணுகதுக்கு எனக்கு மருமவன் வேணும்லா. பதினொண்ணாவது தடவ "போ மாமா, உம்ம பேச்சக் கேட்டு வீட்டுலயே இருந்துருகேன்"னு மட்டும் சொல்லிராதியும். நான் பேசுகது என் வாய்க்கு. நீரு நடக்குகது உம்ம உசுருக்கு.

செரி, எழும்பும். நாளைக்கே ஆளக் கூட்டி அந்த ஓடைய நோண்டி விடும். காரு ரோட்டுல நிக்கட்டு, அதுக்கு மானம் போகாது. போற வழியில கடையில கப்பலண்டி 200 கிராமா வாங்கும். நூறு பைக்குள்ள. நூறு இங்க. புத்தி சொன்னதுக்குக் கூலி வேண்டாமா? வறுத்ததா வாங்கிப் பொடிச்சுக் கொண்டு வாரும், உம்ம மாமனுக்குப் பல்லு இல்ல.