மாதக் கடைசியும் பெட்ரோல் பம்பும்: ஓர் அளவையியல் ஆய்வு

வளைகுடாவில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் இரு வகைப்படும். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று அடங்கிவிடுவது முதல் வகை. அது பேட்டரி நோய். வெயில் நாட்டில் சாதாரணச் சாவு, ஆய்வுக்குத் தகுதியில்லை. செல்ஃப் தாராளமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்க மறுப்பதே நம் ஆய்வுப்பொருள்.

கள ஆய்வு 2022 ஆகஸ்ட் 1 காலை, ஷார்ஜாவில் ஒரு மணல் பார்க்கிங்கில் நடந்தது. சோதனைப்பொருள்: இவ்வாய்வாளரின் 14 வயதுக் கார். பானட்டைத் தூக்கியதும் அறிஞர் குழு கூடிவிட்டது. ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி: "பெட்ரோல் இருக்கா?" படித்தவனை இதைவிட மட்டம் தட்டும் கேள்வி கிடையாது. முள் சிவப்பில் கிடந்தாலும், இருந்தது.

மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, உண்மையை அறியும் வழிகளாகப் பத்து அளவைகளை அடுக்குகிறான். பார்க்கிங்கில் ஐந்தே போதுமாயின.

காண்டல்: இங்கு மூக்கின் வேலை. செல்ஃப் அடித்தபின் சைலன்ஸரில் பெட்ரோல் வாடை வந்தால் எண்ணெய் வருகிறது, தீப்பொறிதான் இல்லை. பக்கத்து ஃபிளாட் சேட்டன் குனிந்து முகர்ந்து உதட்டைப் பிதுக்கினார். கருதல், மலையில் புகை கண்டு நெருப்பை அறிவது; நம் மலையில் புகையே இல்லை.

இல்லாததை இல்லையென்று அறியும் அபாவம் நுட்பமானது. சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று விநாடி 'ம்ம்ம்' என்றொரு முனகல் எழ வேண்டும். டேங்குக்குள் முங்கிக் கிடக்கும் பம்பு குழாயில் அழுத்தம் ஏற்றும் ஓசை அது. தஞ்சாவூர் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்சீட்டில் காதை வைத்துப் படுத்தார். "திருப்புங்க தம்பி." திருப்பினேன். "இன்னொரு தடவை." திருப்பினேன். இல்லாத ஒன்றை இவ்வளவு பக்தியாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்று கொள்வது மீட்சி. ஃபியூஸ் நன்றாக இருந்தது. பம்பு ரிலேயைப் பிடுங்கி, அதே அளவிலான ஹாரன் ரிலேயின் இடத்தில் செருகினோம். ஹாரன் முழங்கியது, மூன்றாம் மாடி ஜன்னல் திறந்து திட்டியது. ரிலே வென்றது, பம்பு தோற்றது.

கடைசியாக ஐதிகம்: இந்த மரத்தில் பேய் உண்டு என ஊரார் சொல்வதை அப்படியே நம்புவது. டேங்கின் அடியில் தட்டினால் செத்த பம்பு எழும் என்பது சனையா (கராஜ்கள் நிறைந்த தொழிற்பேட்டை) ஐதிகம். அங்கிருந்து வந்த பத்தான் மெக்கானிக் உஸ்தாத் ரப்பர் சுத்தியலால் மூன்று தட்டு தட்டினார். மோட்டாருக்குள் சிக்கியிருந்த ஏதோ நகர, பேய் முனகியது, இன்ஜின் பிடித்தது. "பம்ப் கலாஸ். ஷாம் கோ லானா," (பம்பு முடிந்தது, சாயங்காலம் கொண்டுவா) என்று போய்விட்டார்.

இனி நோய் முதல். பம்பைக் குளிர்விப்பது அது முங்கியிருக்கும் பெட்ரோல்தான். டேங்கு வற்றினால் பம்பு சூட்டில் வதங்கும். வற்றவிட்டது யார்? அமீரகத்தில் 2015 ஆகஸ்டிலிருந்து பெட்ரோல் விலை மாதம் ஒருமுறை மாறுகிறது. 2022 ஜூலையில் ஸ்பெஷல் 95 லிட்டர் 4.52 திர்ஹம்; ஆகஸ்டில் 3.92. குறையும் என்ற பேச்சை நம்பிக் கடைசி வாரம் முழுக்கச் சிவப்பிலேயே ஓட்டினேன். 40 லிட்டருக்கு 24 திர்ஹம் லாபம். பம்பும் கூலியும் 380.

லாபத்தையாவது விடுவானேன் என்று, மாலை சனையா போகும் வழியில் பங்க்கில் கழுத்து வரை நிரப்பினேன். இன்ஜினை அணைக்கச் சொன்னதால் வண்டியை வெளியே தள்ளிவந்து மறுபடி தட்ட வேண்டியிருந்தது. கராஜில் உஸ்தாத் பின்சீட்டைத் தூக்கினார். பம்பைக் கழற்றும் முன் அதே கேள்வி: "பெட்ரோல் ஹை?"

"ஃபுல் டேங்க்!" என்றேன்.

உஸ்தாத் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, பையனிடம் காலி கேன்கள் கொண்டுவரச் சொன்னார்.