கதை வசூல்காரர்

கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டு வாசலில் மாலை ஏழு மணிக்கு இரண்டு வகை ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒருவர் தவணை வசூலுக்கு வருகிறவர். இன்னொருவர் அந்த வீட்டு அப்பாவேதான்.

"இன்னிக்கு எத்தனை பக்கம்?"

மகன் நாலாவது படிக்கிறான். புத்தகக் கண்காட்சிக்குப் போய் வந்த இரவே அவனுக்குள் ஓர் எழுத்தாளன் இருக்கிறான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். எண்பது பக்க நோட்டும் மூன்று ஜெல் பேனாவும் வந்தன. 'கோமுகி மைந்தன்' என்ற புனைபெயரும் வந்தது. கதை ஒன்றுதான் பாக்கி.

அவர் விஷயம் தெரியாதவரல்ல. இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு எழுதிய அழ. வள்ளியப்பா, 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியதை வருஷத்தோடு சொல்வார். அதில் இருந்தவர்கள் குழந்தைகளுக்காக எழுதிய பெரியவர்கள். இவரோ குழந்தைகளே உறுப்பினர்கள் என்று நம்பி, மகனுக்குச் சந்தா எவ்வளவு ஆகும் என்று என்னிடம் விசாரித்தார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருகிற 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களை எதிர்வீட்டிலிருந்து இரவல் வாங்கிப் படிப்பார். மகனிடம் கொடுப்பதில்லை. "பாத்து எழுதிடுவான் சார்."

பையன் ஒருநாள் ஆயா வீட்டு வெள்ளாடு மரவள்ளிக் கொல்லையில் புகுந்து மாட்டிக்கொண்டதை எழுதினான். அப்பா கண்ணாடியை மாட்டினார்.

"நீதி எங்கடா?"

"ஆட்டுக்கு அடி விழுந்துச்சுப்பா."

"அது நீதியாடா? நடந்ததை அப்படியே எழுதினா கதையா? ஒரு ராஜாவைப் போடு."

ராஜா வந்தார். ஆடு மானாயிற்று. மரவள்ளிக் கொல்லை நந்தவனமாயிற்று. நான்கு திருத்தங்களுக்குப் பிறகு பார்த்தால் அது 'மரம் வளர்ப்போம்' கட்டுரை. கையெழுத்து மட்டும் பையனுடையது.

மறுநாள் அவனாகவே இரண்டு வரி எழுதினான்: 'எங்க அப்பா போன்ல சின்னசேலத்துல இருக்கேன்னு சொன்னாரு. ஆனா கட்டில்ல இருந்தாரு.' அப்பா 'சொன்னாரு'வைச் 'சொன்னார்' என்று திருத்தினார். 'இருந்தாரு'வுக்கு வரும்போதுதான் விஷயம் உறைத்தது. அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டது. அந்த வீட்டில் அதுவரை எழுதப்பட்டதில் அதுதான் நல்ல கதை என்பது என் கட்சி.

வீட்டில் கற்பனை வரவில்லை என்றால் மலையில் வரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குக் கிளம்பினார்கள். காரில் இடம் இருந்ததால் நானும் ஒட்டிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையில் நிறுத்தி, "தண்ணியைப் பாரு. என்ன தோணுது?" என்றார். "ஒண்ணுக்கு வருதுப்பா."

வளைவுகளில் ஏறும்போது வகுப்பு நடந்தது. 2019 நவம்பர் 26-ல் மாவட்டம் பிரிந்தது, இங்கே வாழ்கிற பழங்குடியினர் மலையாளிகள், எல்லாம் சொன்னார்.

"அப்ப அவங்க கேரளாவாப்பா?"

"மலையை ஆள்றவங்கடா, மலையாளி. குறுக்கே பேசாம குறிப்பு எடு."

வெள்ளிமலைக் கடைத்தெருவில் கடுக்காயும் தேனும் வைத்திருந்த ஓர் ஆயாவிடம் பையன் போய் உட்கார்ந்துவிட்டான். அவர் தம் முன்னோர் கதையை ஆரம்பித்தார். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்களாம். பையன் வாயை மூடவே இல்லை. "நடந்தேவா ஆயா? ராத்திரி எங்க படுத்தாங்க? புலி வரலையா?" ஆயாவும் விடவில்லை. புலி வருவதற்குள் அப்பா வந்துவிட்டார்.

"அங்க என்னடா வெட்டிப் பேச்சு? வந்து கதை எழுது!"

அன்று நோட்டில் ஏறியது தேதியும் 'கல்வராயன் மலை மிகவும் அழகானது' என்ற ஒரு வரியும்.

அந்த நோட்டைப் போன வாரம் பையனின் அம்மா எனக்குக் காட்டினார். கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி, பென்சிலில், பொடி எழுத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் நடந்துகொண்டிருக்கிறார்கள். கூடவே மரவள்ளிக் கொல்லை ஆடும் வருகிறது. எழுத்துப்பிழை ஏராளம். அம்மா ஒன்றையும் திருத்தவில்லை. ராத்திரி தோசை ஊற்றும்போது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்புறம் என்னடா ஆச்சு?" என்று மட்டும் கேட்பாராம்.

பதினோரு பக்கம் ஆகிவிட்டது. புலி இன்னும் வரவில்லை. அப்பாவுக்கு விஷயம் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.