பன்னிரண்டு சக்கர வண்டிக்காரர்

நாமக்கல் லாரிப் பேட்டையில் வரிசையாக நிற்கும் வண்டிகளுள் ஏதாவதொன்றின் கேபின் தலையில், தார்ப்பாய்ச் சுருளுக்கும் கயிற்றுக் கட்டுக்கும் நடுவே, ஒரு பழைய சைக்கிள் மல்லாந்து படுத்து இரண்டு சக்கரங்களையும் ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தால், அதன் டிரைவர் நான் இங்கே வர்ணிக்கப் புகுந்த ரகத்தைச் சேர்ந்தவர் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஆர்.சி. புத்தகத்தில் 10 சக்கரம் என்றிருக்கும். அவரைக் கேட்டால் 12 என்பார். மூஞ்சூறின் மேல் பிள்ளையார் ஏறுவதுதான் சாஸ்திரம்; பிள்ளையாரின் மேல் மூஞ்சூறை ஏற்றிக்கொண்டு தேசசஞ்சாரம் செய்கிறவர் இவர்.

சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத் வழியாக நாகபுரிக்குப் போவது அவர் வழக்கம். நாம் பாயசத்தில் போட்டுக் குடிக்கிற அந்த வஸ்துவை மராட்டியர் ஏகாதசி உபவாசத்தில் கிச்சடியாக்கிச் சாப்பிடுவதால், அவர்களுடைய பக்திக்கும் இவருடைய ஜீவனத்துக்கும் நெருங்கிய பந்தம் உண்டு. ஆனால், சரக்கை இறக்கிய மறுகணமே, 44-ஆம் எண் நெடுஞ்சாலையின் சக்கரவர்த்தி அநாதையாகிவிடுகிறார். பகலில் கனரக வண்டியை ஊருக்குள் விடமாட்டார்கள். ரிட்டன் லோடு தரும் புக்கிங் ஆபீஸோ மூன்று மைலுக்கு அப்பால். மற்ற டிரைவர்கள் வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்து, பாஷை தெரியாத ஊரைச் சபித்துக்கொண்டிருக்கையில், நம்மவர் கிளீனரைக் கூப்பிட்டு, "தம்பி, குதிரையை இறக்கு" என்பார். பையன் மேலே ஏறி முடிச்சை அவிழ்க்க, 16 டன் சரக்கு மழையில் நனைந்தபோதும் கலங்காத அந்த மனிதர், பிள்ளைத்தாய்ச்சியை வண்டியிலிருந்து இறக்குகிற பதற்றத்தோடு இரு கைகளையும் ஏந்தி, "பெடல் இடிக்காமப் பார்த்து இறக்கு சாமி!" என்று கெஞ்சுவார்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சோதனைச்சாவடிகள் எடுபடும்வரை, அந்தச் சைக்கிளால் அவர் பட்ட விசாரணைகள் ஒரு தனிப் புராணம். "மூட்டைக்குப் பில் இருக்கிறது, சைக்கிளுக்கு எங்கே?" என்று அதிகாரி கேட்பார்.

"அது சரக்கில்லீங்க சார், என்ற வண்டி."

"அப்படியானால் இது?" என்று அவர் லாரியைக் காட்டுவார்.

"இது முதலாளி வண்டிங்க சார்."

இதற்கு மேல் விசாரிக்க அதிகாரியிடம் படிவம் இல்லாததால், அம்பத்தூரில் பிறந்த அந்த ஹெர்குலிஸ் நாகபுரி வரை தீர்வையின்றிச் சஞ்சரித்து வந்தது.

ஊர் திரும்பி, லாரியைப் பேட்டையில் விட்டுவிட்டு, ஹாண்டில்பாரில் ஆரஞ்சுப் பை தொங்க, வீட்டுக்கு மிதித்துப் போகிற நாலு மைலில்தான் இவருடைய சுபாவத்தின் மறுபாதி புலப்படும். ஏர்ஹாரனால் எத்தனையோ சைக்கிள்காரர்களை மண்ணில் இறக்கிய அந்தப் புண்ணியவான், தம் முதுகுக்குப் பின்னால் அதே சப்தம் கேட்டதும் கதிகலங்கிப் புளியமரத்தடியில் குதித்து, உருண்டோடும் ஆரஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டே, "இந்த லாரிக்காரனுகளுக்குக் கண்ணே கிடையாது!" என்று வயிறெரிந்து வைவார். பிறகு, புழுதிக்குள் மறையும் வண்டியின் கேபின் தலையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, ஒருவாறு சாந்தியடைந்து, தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார்:

"மேலே சைக்கிளைக் காணோம். பின்ன எப்படி ஓட்டுவான்!"