பாடாலூரில் ஐந்தாம் தலைமுறை: ஓர் ஒப்பீட்டு, உரைநிலை, களநிலை ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கைபேசிக்கு 5ஜி உண்மையிலேயே தேவையா என்ற வினா தமிழாய்வுலகில் இதுவரை உரிய முறையில் எழுப்பப்படவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. எல்லா ஆய்வும் ஏதோ ஒரு குறையைப் போக்கத்தான் எழுகிறது. எழுந்தபின் குறை இரண்டாகிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

ஆய்வுக் களம் பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம், பாடாலூர். எல்லை: நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் தொடங்கிப் பூமலை சஞ்சீவிராயர் மலையடிவாரத்தில் முடியும். அதற்கு மேல் விரியாததற்குக் காரணம் வெயில்.

ஊர்ப் பெயர்க்காரணம் இங்கே ஆராயப்படவில்லை. அதை மட்டுமே ஆராய்ந்து முனைவரானவர்கள் நாட்டில் போதுமான அளவு உள்ளனர்.

இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ‘அலைக்கற்றை’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டு டீக்கடைகள் அத்தனைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை இம்மாவட்டத்துக்கு உண்டு. 2007 முதல் 2010 வரை தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ. இராசா இந்த மாவட்டத்துக்காரர். பெரம்பலூர் தொகுதியில் மூன்று முறை வென்றவர். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அவர் காலத்தில் வழங்கப்பட்ட 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் அலைக்கற்றை வழக்கில் எல்லாரையும் விடுவித்தது. இரண்டுக்கும் நடுவில் இம்மாவட்டத்தில் 2ஜி பற்றிப் பேசப்பட்ட அளவு, 2ஜியில் பேசப்பட்ட அளவைவிட அதிகம் (டீக்கடைப் பெஞ்சு வாய்மொழி, காலைப் படலம், இரண்டாம் டீ).

மற்றொன்று, பொறுமை. பாடாலூரிலிருந்து வண்டியில் போய்வரும் தொலைவில் சாத்தனூர் கல்மரம் கிடக்கிறது. இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்து மரம். வயது சுமார் 12 கோடி ஆண்டு. நீளம் 18 மீட்டர். 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். அவர் நேரில் போய்ப் பார்த்து எழுதினார் என்பதை இன்றைய ஆய்வு மாணவர்கள் ஒரு வினோதமாகக் குறித்துக்கொள்ளலாம். கடல் விலகியும் மரம் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. வீடியோ ஒன்று வட்டமடித்துக்கொண்டே நிற்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான மண் கிடைக்காது.

2. தலைமுறைகளும் சங்கங்களும்

கைபேசித் தலைமுறைகளை முச்சங்கங்களோடு ஒப்பிடுவதே முறை. முன்னோர் யாரும் ஒப்பிடவில்லை என்பது நம் ஒப்பீட்டின் புதுமைக்குச் சான்று.

முதற்சங்கம் 2ஜி. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்ததோடு நாட்டில் இது தொடங்கிற்று. இடைச்சங்கம் 3ஜி, 2008 டிசம்பரில் டெல்லியில் எம்டிஎன்எல் தொடங்கியது. கடைச்சங்கம் 4ஜி, 2012 ஏப்ரலில் மீண்டும் கொல்கத்தா.

இடைச்சங்கத்தைக் கபாடபுரத்தோடு கடல் கொண்டது என்பர். 3ஜியைக் கொண்டது எது? ஏர்டெல் 2019இல் தன் 3ஜியை ஊர் ஊராக மூடத் தொடங்கியபோது முதலில் மூடியது கொல்கத்தாவில். ஆக, கபாடபுரம் இருந்த இடம் குறித்த நெடுநாள் விவாதம் இத்துடன் தீர்ந்தது. வியப்பு என்னவென்றால், இடைச்சங்கம் மூழ்கியும் முதற்சங்கம் உயிரோடு இருக்கிறது. பட்டன் போனில் 2ஜி இன்றும் மணியடிக்கிறது.

5ஜி நான்காம் சங்கமாகாதோ எனின், ஆகாது. அந்த இடத்தில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. எனவே 2022 அக்டோபர் 1 அன்று பிரதமர் தொடங்கிவைத்த 5ஜி இடமின்றி நிற்கிறது.

தலைச்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு நிலவின என்று இறையனார் அகப்பொருள் உரை கணக்குச் சொல்லும். இதே துல்லியத்தோடுதான் 5ஜியின் உச்ச வேகம் நொடிக்கு 20 கிகாபிட் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இலக்கு வைத்திருக்கிறது. இரண்டையும் நேரில் கண்டவர் பாடாலூரில் இல்லை.

2007இல் வந்த முதல் ஐபோனில் 3ஜி கிடையாது. உலகின் பல இடங்களில் 3ஜி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் வரிசையில் நின்றுதான் வாங்கினார்கள். வேகமான நெட்வொர்க் இல்லாமலேயே ஒரு போன் உலகை மாற்றலாம் என்பதற்கு இது போதிய சான்று. போதிய சான்று கிடைத்தபின் ஆய்வை நிறுத்துவது மரபன்று, மேலே செல்வோம்.

3. பயனாளர் வகைப்பாடு

பாடாலூரில் கைபேசி வைத்திருப்போர் ஐவகைப்படுவர்.

அ) பேசுவோர். இவர்களுக்கு எந்த ஜியும் தேவையில்லை, குரலே போதும்.

ஆ) பணம் அனுப்புவோர். இவர்கள் தனி இயலில் வருவர்.

இ) விலை பார்ப்போர். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் இன்று என்ன விலை என்று பார்ப்பவர்கள். நெட் எவ்வளவு வேகமாக வந்தாலும் வெங்காய விலை ஏறவில்லை என்பது இவர்களின் நீண்டகால முறையீடு.

ஈ) காலை வணக்கப் படம் அனுப்புவோர். இவர்களுக்கு வேகம் குறைவாக இருப்பது பிறருக்கு நல்லது.

உ) படம் பார்ப்போர். இவர்களைச் சற்று விரித்து ஆராயவேண்டும்.

யூடியூபில் 480பி தரத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 மெகாபிட் போதும், 1080பிக்கு 5, 4கே தரத்துக்கு 20 மெகாபிட். உள்ளங்கை அகலத் திரையில் 4கேக்கும் 1080பிக்கும் வேறுபாடு காண்பவர் கழுகுக்கண்ணர். அதை விடுவோம். 20 கிகாபிட்டை 20 மெகாபிட்டால் வகுத்தால் வருவது ஆயிரம். அதாவது 5ஜியின் உச்ச வேகம் முழுதும் ஒரே போனுக்கு வந்தால், ஒரே நேரத்தில் ஆயிரம் 4கே படங்கள் பார்க்கலாம். மனிதருக்குக் கண் இரண்டு. அவையும் ஒரே படத்தைத்தான் பார்க்கும்.

அப்படியானால் இத்தொழில்நுட்பம் யாருக்காக? ஆயிரம் கண்ணுடையவன் ஒருவனே உளன். அவன் இந்திரன். ஒரு கண்ணுக்கு ஒரு படம், மிச்சமில்லை, குறைவில்லை. கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது தற்செயலாகாது (பெஞ்சு வாய்மொழி, மாலைப் படலம், பஜ்ஜிக்குப் பின்).

இங்கே ஒரு தடை எழும். தொல்காப்பியம் மருதத்துக்கு வேந்தனைத் தெய்வமாக்கியது. அவ்வேந்தன் இந்திரனே என்று உரைகாரர் கொண்டனர். மருதம் வயலும் வயல்சார்ந்த இடமும். பாடாலூர்ப் பக்கமோ பெரும்பாலும் மானாவாரி. ஆகவே இந்திரன் இவ்வூர்க் கவரேஜுக்குள் வருவானா என்பதில் உரைகாரரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ரீசார்ஜ் கடைக்காரராகிய பழைய உரைகாரர், “அவரு மேல இருக்காரு, அவருக்கு டவர் நல்லாவே எடுக்கும்” என்பார். அவர் மகனாகிய புதிய உரைகாரர் இதை மறுத்து, “டவர் கீழ பாத்துத்தாம்ப்பா அடிக்கும்” என்பார். இளையவர் கூற்றே அறிவியலுக்கு ஒத்தது. கோபுர ஆண்டெனாக்கள் தரை நோக்கிச் சற்றே சாய்த்துப் பொருத்தப்படுகின்றன. எனினும் மூத்தவர் கூற்றே மரபுக்கு ஒத்தது. இத்தகைய இடங்களில் இரண்டையும் ஏற்று, மூன்றாவதாக ஒன்றை எழுதிப் பதவி உயர்வு பெறுவதே ஆய்வாளர் வழக்கம்.

மேலும், இந்திரன் மழைக்கு உரியவன். மழை வந்தால் கரண்ட் போகும். கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் டவர் படுக்கும். ஆகவே 5ஜிக்குத் தகுதியான ஒரே வாடிக்கையாளரே அதைக் கெடுப்பவனும் ஆகிறான். இம்முரண் குறித்துத் தனி நூல் எழுதலாம். இதைப் பற்றிய மூலபாடம் ரீசார்ஜ் கடை நோட்டின் பின்னட்டையில், கூட்டல் கணக்குக்கும் டீக்கறைக்கும் நடுவே உள்ளது. கறைக்கு மேலுள்ளது ஒரு பாடம், கீழுள்ளது பாடபேதம். கறையே இடைச்செருகல் என்று கொள்வாரும் உளர்.

4. ஒலிப்பெட்டிப் படலம்

5ஜியின் மற்றொரு பெருமை தாமதமின்மை. ஒரு செய்தி போய்ச்சேர ஒரு மில்லிநொடி என்பது அதன் இலக்கு. இதைச் சோதிக்கக் களம்: டீக்கடை.

ஒருவர் டீ குடிக்கிறார். 5ஜி போனை எடுத்துக் கண்ணாடி பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைப் படம் பிடிக்கிறார். ரகசிய எண்ணைத் தட்டுகிறார். பச்சை டிக் வந்துவிடுகிறது. ஆனால் அவர் நகர முடியாது. ஏனென்றால் கல்லாவுக்கு மேலே ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அது பேச வேண்டும்.

“அண்ணே, போயிருச்சுண்ணே, பாருங்க.”

“பொட்டி சொல்லலியே தம்பி. கொஞ்சம் இருங்க.”

அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு வரிச் செய்தி மட்டுமே. அதனால் மெதுவான பழைய நெட்வொர்க்கிலேயே காலம் தள்ளும் பெட்டிகள் உண்டு. பணமோ வாடிக்கையாளரின் வங்கி, தேசியக் கொடுப்பனவுக் கழகம், கடைக்காரரின் வங்கி, செயலி நிறுவனம் என்று படியேறி இறங்கிக் கடைசியில் பெட்டிக்கு வருகிறது. இந்த வழியில் 5ஜி ஓடுவது முதல் துண்டில் மட்டும். வாடிக்கையாளர் கையிலிருந்து கோபுரம் வரை. அங்கே மில்லிநொடிகளை மிச்சம் பிடித்து, மற்ற இடங்களில் நொடிகளைச் செலவழிக்கிறோம். செய்தியின் வேகம் முதல் ஆளால் அமைவதில்லை, கடைசி ஆளால் அமைகிறது. இது இக்கட்டுரையின் முதல் சூத்திரம்.

தாமதத்தை மில்லிநொடியில் அளப்பது இங்கே பொருந்தாது. ‘ஒரு டீ ஆறும் நேரம்’ என்பதை அலகாகக் கொள்ளலாம். பெட்டி சாதாரணமாக அரை மடக்கில் பேசும். சர்வர் மந்தமானால் டீ முழுதும் ஆறும். (ஸ்டீல் டம்ளரில் ஆறுவதும் கண்ணாடி கிளாஸில் ஆறுவதும் வேறு வேறு, இதற்குத் திருத்தக் காரணி தேவை.)

2016இல் யுபிஐ வந்தது. அதற்கு முன்பே *99# என்று தட்டி, நெட் இல்லாத பட்டன் போனிலும் பணம் அனுப்பும் வழி இருந்தது. பணத்துக்கு வேகம் வேண்டியதில்லை, நம்பிக்கைதான் வேண்டும். அந்த நம்பிக்கை இப்போது பெட்டியின் குரலில் இருக்கிறது.

5. எதிர்க்கட்சி

5ஜி வேண்டியதே இல்லையோ எனின், அவ்வாறும் அன்று.

பாடாலூருக்குப் பக்கத்திலுள்ள சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கும். மற்ற நாள்களில் அமைதியாக இருக்கும் சாலை அந்த இரண்டு நாளும் நிரம்பும். அன்று அங்கே எல்லாப் போன்களும் ஒரே கோபுரத்தில் முட்டும். முழுக் கோடும் காட்டும், ஒன்றும் நகராது. இந்த நெரிசலுக்குத்தான் 5ஜி மருந்து. 4ஜியின் ஒரு தடம் அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். 2022 ஏலத்தில் ஜியோவும் ஏர்டெலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 100 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடத்தை வாங்கின. ஆக 5ஜி தேவைப்படுவது தனி மனிதருக்கன்று, கூட்டத்துக்கு. கூட்டத்தில் பலர் 5ஜிக்குப் போனால், போகாதவரின் 4ஜியும் சற்று மூச்சு விடும்.

ஆனால் அந்த அகலத் தடத்துக்கு ஒரு குணம். அலைவரிசை உயர உயரச் சுவரைத் துளைக்கும் திறன் குறையும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் போகும் தூரம் அவை போகா. ஜியோ 700ஐயும் 5ஜிக்கு எடுத்தது இதனால்தான். ஏர்டெல் தொடக்கத்தில் 4ஜியை ஊன்றி நிற்கும் 5ஜியை எடுத்துக்கொண்டது. அம்முறையில் நெட் 5ஜியில் ஓடும், பேச்சு 4ஜியில் போகும். இரண்டு வேலையையும் ஒரே போன் செய்வதால் பேட்டரியும் கூடக் கரையும்.

பெரம்பலூரில் ஒரு செல்போன் கடையில் பதிவான உரையாடல் இவ்விடத்தில் மூலச் சான்றாகும்:

“அண்ணே, இது 5ஜி. அஞ்சு வருசத்துக்குக் கவலையே இல்ல.”

“தம்பி, வீட்டுக்குள்ள டவர் எடுக்குமா?”

“அது வீட்டப் பொறுத்ததுண்ணே.”

கருத்துரை: ‘வீடு’ என்றது சுவரை. பழைய மண்சுவர் ஓட்டு வீட்டுக்கும் கான்கிரீட் தளம் போட்ட வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே தொடரில் அடக்கினமையின் இது சூத்திரத்தின் இலக்கணம் முழுதும் உடையது. வீடுபேறு எனப் பொருள் கொண்டு சைவ சித்தாந்தத்தோடு பொருத்திய கட்டுரை ஒன்று ஏதேனும் பன்னாட்டுக் கருத்தரங்கில் விரைவில் வாசிக்கப்படலாம். கட்டணம் கட்டினால் வாசிக்கலாம். கூடக் கட்டினால் சிறந்த கட்டுரை.

6. முடிவுரை

கைபேசிக்கு 5ஜி தேவையில்லை. கைபேசி நிறுவனத்துக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் தேவை. இதைச் சொல்ல இத்தனை பக்கம் தேவையா என்றால், ஆய்வேடு என்றால் இத்தனை பக்கம் வேண்டும்.

வாசகருக்கு: ஒரே விலையில் 5ஜி போன் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நெட்வொர்க் அந்தப் பக்கம்தான் போகிறது. அதற்காகவே இரண்டாயிரம் மூவாயிரம் கூடக் கொடுக்காதீர்கள். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின் அளவில்லா 5ஜி பெரும்பாலும் நாளுக்கு 2 ஜிபி முதலான பொதிகளோடுதான் வந்தது. மாதச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடைக்குப் போகும் முன் பக்கத்து வீட்டில், எந்த சிம் அடுப்பங்கரை வரைக்கும் எடுக்கிறது என்று கேளுங்கள். உங்கள் சிம் எடுக்கவில்லை என்றால் மாற்றவேண்டியது போன் அல்ல. ‘PORT’ என்பதோடு உங்கள் எண்ணைத் தட்டி 1900க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அது 2ஜியிலும் போகும்.