விஸ்கி காத்து வாங்கின கதை

தம்பி, நீர் வாங்கி வைச்சிருக்கிற அந்த மிசினை நான் வடிவாப் பாத்தனான். போத்தல் வாயிலை செருகிப் பொத்தானை அமத்தினால் புளுபுளுவெண்டு குமிழி கிளம்ப, விஸ்கி நுரைச்சு நுரைச்சுக் கிளாசுக்குள்ளை இறங்குது. பேரப்பிள்ளையின்ரை மீன் தொட்டியிலையும் இதே சாமான்தான் பூட்டிக் கிடக்கு. அதிலை மீனாவது நீந்துது. உம்மடை கிளாசிலை ஆரைப் பிழைக்க வைக்கப் போறீர் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.

கோவியாதையும். மாமன் வயது போனவன், பேஸ்மென்ற்றிலை கிடக்கிறவன், வாய் கொஞ்சம் நீளம். மல்வேர்னிலை உம்மடை கராஜுக்குள்ளை கதிரை போட்டிருக்கிற பெடியள் எல்லாரும், காத்துப் பட்டால்தான் விஸ்கி மலரும் எண்டு சத்தியம் பண்ணுறாங்கள். சத்தியம் பண்ணின கையோடை கிளாசைக் கோக்காலை நிரப்புறாங்கள். கோக் விட்டாப் பிறகு, தம்பி, காத்தென்ன, புயலே அடிச்சாலும் அந்த விஸ்கிக்குத் தெரியவராது.

இந்த யோசினை வைன்காரரிட்டை இருந்து வந்தது. சிவப்பு வைன் போத்தலுக்குள்ளை மூடிக் கிடக்கேக்கை சிலவேளை கந்தக நாத்தம் பிடிச்சிருக்கும். திறந்து அகலமான சாடியிலை ஊத்தி வைச்சால் அது கலையும், வாசமும் விரியும். அது நியாயம். விஸ்கி அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை. வடிக்கிற இடத்திலையே செம்பு அந்தக் கந்தகத்தில் பெரும் பங்கைப் பிடிச்சு வைச்சிடும். பிறகு கொண்டுபோய் மரப் பீப்பாவுக்குள்ளை அடைக்கிறாங்கள். மரம் கண்ணாடி மாதிரி அடைபட்டுக் கிடக்காது. மெல்ல மெல்லக் காத்து உள்ளை போகும், ஆவி வெளியிலை வரும். கனேடியன் விஸ்கி எண்டு பேர் போடவேணுமெண்டால் 700 லீற்றருக்கு மேற்படாத மரப் பீப்பாவிலை குறைஞ்சது 3 வருசம் கிடக்கவேணும் எண்டு இஞ்சை சட்டமே இருக்கு. 3 வருசம் காத்து வாங்கின சாமானுக்கு 3 செக்கன் காத்துக் குடுத்து நீர் என்ன கெட்டித்தனம் காட்டப் போறீர்?

ஸ்கொட்லாந்திலை பீப்பாவிலை இருந்து வருசத்துக்கு 2 வீதமளவு ஆவியாப் போகும். அதைச் சம்மனசுகளின்ரை பங்கு எண்டு அங்கத்தையாக்கள் சொல்லுவினம். பெங்களூரிலை வெக்கை கூட. 2004 இலை கிளாஸ்கோவுக்கே கொண்டுபோய்த் தங்கடை விஸ்கியை இறக்கின அம்ருத் கொம்பனிக்காரரின்ரை பீப்பாவிலை வருசத்துக்கு 10 வீதமளவு பறக்குதாம். அந்தச் சம்மனசுகள் எங்கடை பக்கத்து ஆக்கள் போலை கிடக்கு.

காத்தின்ரை கைவேலையைப் பாக்கவேணுமெண்டால் கள்ளிலை பாக்கவேணும். நீர் ரொறொன்ரோவிலை வளர்ந்தனீர், உமக்குக் கள்ளு இறக்கிற முட்டியும் தெரியாது, குடிக்கிற பிளாவும் தெரியாது. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாட்டிக் கள்ளு. விடியப்புறம் இறக்கினது இனிக்கும், மத்தியானம் ஏறும், பின்னேரம் புளிக்கும், அடுத்த நாளும் விட்டால் வினாகிரிதான். காத்தை உறிஞ்சி உயிர் வாழுற ஒரு கிருமி சாராயத்தைப் புளியாக்கிற வேலை அது. காத்து உண்மையா வேலை செய்யிற இடத்திலை ருசி எந்தப் பக்கம் போகுது எண்டு பாரும்! பழையாக்கள் பிளாவிலை ஊத்தி நுரையை ஊதித் தள்ளுறதைக் கண்டிட்டு அதுவும் காத்துக் குடுக்கிற வித்தை எண்டு நினையாதையும். நுரையிலை கிடக்கிற பூச்சியையும் தேனீயையும் தள்ளுறதுக்குத்தான் ஊதினவங்கள். அந்தக் கள்ளையே திக்கம் வடிசாலையிலை காய்ச்சி வடிச்சால் கிருமியின்ரை கூத்து முடிஞ்சுது. 40 வீதச் சாராயத்துக்குள்ளை அது சீவிக்காது. வடிச்ச சாமானைத் திறந்து வைச்சால் புளிக்காது. திடீரெண்டு தேனாகவும் மாறாது.

அதுக்காக நீர் சொல்லுறது முழுப் பொய் எண்டு நான் சொல்லேல்லை. ஊத்தின உடனை மூக்கைக் கிளாசுக்குள்ளை விட்டால் குத்தும். அது தண்ணியை விடக் கெதியாப் பறக்கிற சாராய ஆவி கிளாஸ் வாயிலை திரண்டு நிக்கிறது. மூக்கு விறைச்சால் பிறகு பழ வாசமும் இல்லை, புகை வாசமும் இல்லை. பத்து நிமிசம் சும்மா வைச்சால் அந்தக் குத்து அடங்கும்; மூக்கும் பழகியிடும். நீர் மலர்ந்துது எண்டு சொல்லுறது இதைத்தான். ஆனால் மிசின் குமிழி விட்டு அடிக்கேக்கை சாராயத்தை மட்டும் பொறுக்கி எடுத்து வெளியிலை விடுறேல்லை, தம்பி. லேசான பழ வாசங்களும் அதோடை சேர்ந்து பறக்குது. காசு குடுத்து வாங்கின மணத்தைக் கராஜின்ரை கூரைக்குத் தானம் பண்ணுறீர். சும்மா இருக்கிறதுக்கு ஒரு சதமும் செலவில்லை, நான் உந்த வேலையை வருசக்கணக்காச் செய்யிறன்.

கராஜ் எண்டதும் இன்னொண்டு. தை மாசம் நீங்கள் கதவைக் குறை திறந்து வைச்சுக்கொண்டு, ஜக்கெற்றோடை இருந்து, மணம் வரேல்லை எண்டு மிசினைப் பூட்டுறியள். குளிருக்குள்ளை எந்த மணமும் எழும்பாது. அதுக்கு மேலை ஐஸ்கட்டியும் போடுறியள், வெளியிலை ரப்ஸ்கொட் வீதி முழுக்க ஐஸ் கிடக்கேக்கை! கிளாசை உள்ளங்கையிலை கொஞ்ச நேரம் பொத்திப் பிடியும். அவ்வளவுதான் மந்திரம். கையுறையைக் கழட்டிப் போட்டுப் பிடியும்.

தண்ணி கதை வேறை. தண்ணி விடுறவனை நீங்கள் பழிக்கிறியள், பட்டிக்காட்டான் எண்டு. 2017 இலை சுவீடனிலை கல்மர் நகரத்துப் பல்கலைக்கழகத்திலை கார்ல்சன், ஃப்ரீட்மன் எண்ட ரெண்டு பேர் கணினியிலை கணக்குப் பண்ணிப் பாத்தவை. விஸ்கிக்குப் புகை வாசம் குடுக்கிற குவாயகோல் எண்ட சாமான், சாராயம் கூடின இடத்திலை அதுக்குள்ளை ஒளிச்சுக் கிடக்குது. தண்ணி விட்டு 45 வீதம், அதுக்கும் கீழை எண்டு இறக்கினால் மேல்மட்டத்துக்கு வருகுது. மேலை வந்தால் மூக்குக்கு எட்டும்தானே. ஒரு தேக்கரண்டி ஒன்ராறியோ வாவித் தண்ணி, குழாயைத் திறந்தால் வருகுது. அதுக்காகப் பாதிக்குப் பாதி விடாதையும். அப்பிடி விட்டால் பேர் போன போத்தலும் பேர் இல்லாத போத்தலும் ஒரே மாதிரித்தான் மணக்கும்.

பைற்ஸையும் சொல்லாமல் விடேலாது. கணவாய்ப் பொரியலும் ரத்த வறையும் செத்தல் மிளகாயோடை வந்து இறங்கினாப் பிறகு, உம்மடை நாக்கு சாட்சி சொல்லுற நிலையிலையே நிக்குது? மிளகாய் எரியப் பண்ணுற அதே நரம்பைத்தான் சாராயமும் சுடுறது. அந்த நிலையிலை நீர் "இப்ப மென்மையா இருக்கு மாமா" எண்டுறீர். ரெண்டாவது கிளாசிலை எல்லாருக்கும் எல்லாம் மென்மையாத்தான் இருக்கும். மூண்டாவதிலை உம்மடை மச்சானையே உமக்குப் பிடிக்குது.

இந்த மாகாணத்திலை விஸ்கிக்கு ஆகப் பெரிசாக் காத்துக் குடுத்தவர் முதலமைச்சர் டக் ஃபோர்ட். டியாஜியோ கொம்பனி ஆம்ஹெர்ஸ்ட்பர்க்கிலை தன்ரை கிரவுன் றோயல் விஸ்கியைப் போத்தலிலை அடைக்கிற தொழிற்சாலையை மூடப்போறன் எண்டு சொல்ல, மனுசன் 2025 செப்ரெம்பர் 2 ஆம் திகதி பத்திரிகையாளருக்கு முன்னாலை ஒரு போத்தல் கிரவுன் றோயலைக் கவிட்டு ஊத்தினவர். 1939 இலை ராசாவும் ராணியும் கனடாவுக்கு வந்ததுக்கெண்டு செய்த விஸ்கி, நிலத்துக்குப் போச்சுது. அவ்வளவு உயரத்திலை இருந்து ஊத்தினதிலை ருசி கூடினதோ எண்டு ஒருத்தரும் குனிஞ்சு பாக்கேல்லை. எனக்கு டிவிக்கு முன்னாலை நெஞ்சு அடைச்சுது.

திறந்த போத்தல் மாசக்கணக்கிலை கிடந்தால் ருசி மாறும் எண்டு நீர் வாதாடலாம். அடியிலை ரெண்டு விரல் விஸ்கி, மேலை முழுக்கக் காத்து எண்டு கிடந்தால் மெல்ல மெல்ல மணம் செத்துப்போகும், அது மெய். எங்கடை வீட்டிலை ஒரு போத்தல் அந்த வயது வரைக்கும் இருந்து நான் காணேல்லை. முந்தி இஞ்சை எல்சிபிஓ எண்ட மாகாண அரசின்ரை மதுக்கடையிலை போத்தல் வாங்கிறதுக்கு ஆளுக்கொரு அனுமதிப் புத்தகம் வைச்சிருக்க வேணும். 1927 இலை கடை துவங்கின காலத்திலை வந்த வழக்கம், 1962 இலைதான் ஒழிஞ்சது. வாங்கினதை அதிலை பதிவினம். அது இப்பவும் இருந்திருந்தால் என்ரை மகள் உம்மடை புத்தகத்தை மாசம் மாசம் வாசிச்சிருப்பாள்.

சரி, வாதம் போதும், சோதிச்சுப் பாப்பம். ருசி பாக்கிற தொழில்காரர் செய்யிற முறை இது. மூண்டு கிளாஸ். ரெண்டிலை ஒரே மாதிரி, ஒண்டிலை மட்டும் மற்றது. மிசினாலை வந்ததோ சும்மா ஊத்தினதோ, எது ஒண்டு, எது ரெண்டு எண்டு மகள் அங்காலை வைச்சு முடிவெடுக்கட்டும். உமக்கும் தெரியக்கூடாது, எனக்கும் தெரியக்கூடாது. நுரை அடங்கினாப் பிறகு கொண்டு வரட்டும், இல்லாட்டி நீர் கண்ணாலை கண்டுபிடிச்சுப் போடுவீர். வேறையா நிக்கிற கிளாசைக் காட்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூண்டிலை ஒருக்காச் சரிவரும், அதாலை ஒருநாள் வெண்டிட்டுக் குதிக்கேலாது. கிழமைக்கு ஒருக்கா எண்டு பத்துப் பன்ரண்டு தரம் செய்யவேணும். நீர் மணந்து, ஒரு சொட்டை நாக்கிலை வைச்சுப் பாத்தால் காணும். மிச்சத்தைக் குடிச்சு நாக்கைக் கெடுத்தால் சோதினை பிழைச்சுப் போகும், மூண்டு கிளாசையும் இஞ்சாலை தள்ளிவிடும். டொக்டர் என்னைக் குடிக்க வேண்டாம் எண்டுதான் சொன்னவர். ஆராய்ச்சியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.